குழந்தைகள் ஓடிய வழி

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஒத்திகை என்றால் அது ஆண்டு விழா நாடகத்துக்குத்தான். அரிச்சந்திரனுக்கு வசனம் மறந்து போகும். சந்திரமதிக்குப் புடவை தடுக்கும். தமிழ்ப் பண்டிதர் திரைக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொள்வார். ஆயினும் ஒத்திகை நடக்காமல் இருப்பதில்லை. ஒத்திகை பார்க்காமல் மேடை ஏறினால் மானம் போய்விடும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மானத்தைக் காக்கவே இத்தனை ஒத்திகை வேண்டுமானால் உயிரைக் காக்க எத்தனை வேண்டும்? இந்தக் கேள்வியை ஜப்பான் தேசத்தார் நெடுநாளைக்கு முன்பே கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் காலடியிலுள்ள பூமி அவர்களைக் கேட்கும்படி செய்தது என்று சொல்வதே பொருந்தும். 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி, மத்தியான்னம் பன்னிரண்டு மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது, டோக்கியோவும் யோகஹாமாவும் குலுங்கின. வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். வீடுகளோ பெரும்பாலும் மரத்தால் ஆனவை. சுமார் 1,05,000 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டு போனது பூகம்பம் அல்ல, அதன் பின்னால் வந்த தீ. 1960-ஆம் ஆண்டு முதல் அந்தச் செப்டம்பர் 1-ஆம் தேதியை ஜப்பானியர் பேரிடர்த் தடுப்பு நாளாக அனுசரித்து வருகிறார்கள். அதையொட்டித் தேசமெங்கும் பள்ளிக்கூடங்களில் ஒத்திகை நடக்கிறது.

பள்ளிக்கூடத்து உபாத்தியாயராக இருபது வருஷம் காலந் தள்ளிய எனக்கு இந்த ஒத்திகையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதைக் காட்டிலும், அவர்களைப் பெற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிவதிலே எனக்கு ஆவல் அதிகம். ஏனெனில், பள்ளிக்கூடத்தில் எந்த நல்ல காரியம் நிலைப்பதும் நிலைக்காமற் போவதும் கடைசியில் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

நிஷிகசாயில் ஒரு நாள்

டோக்கியோ நகரின் கிழக்குப் பக்கத்தில், இரண்டு ஆறுகளுக்கு நடுவில் தாழ்ந்த பூமியிலே, நிஷிகசாய் என்னும் பேட்டை இருக்கிறது. நம் தேசத்தார் ஏராளமாகக் குடியிருக்கும் இடம் அது. பெருங்காயமும் துவரம் பருப்பும் கிடைக்கும் கடைகள் உண்டு. அங்கே என் பால்ய சிநேகிதர் ஒருவர் குடும்பத்துடன் வசிக்கிறார். அவருடைய எட்டு வயதுப் பெண், பக்கத்திலுள்ள ஜப்பானியத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். பள்ளியில் ஒத்திகை நடக்கும் நாளில் அவளுடைய தாயாருடன் நானும் போயிருந்தேன்.

வகுப்பறையில் ஒவ்வொரு நாற்காலி மேலும் ஒரு மெத்தை கிடக்கிறது. உட்காருவதற்காக என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் அது மடித்து வைத்த முக்காடு. ஆபத்து வந்தால் அதைப் பிரித்துத் தலையிலே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கேட்டதும் குழந்தைகள் மேஜைக்கு அடியில் புகுந்தார்கள். புகுந்ததோடு நிற்காமல், மேஜையின் கால்களை இரு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பூமி ஆடும்போது மேஜையும் நகர்ந்து ஓடிவிடுமாம். ஓடும் கூரைக்கு அடியில் ஒளிந்து என்ன பயன்?

பிறகு முக்காடு அணிந்து மைதானத்துக்குப் புறப்பட்டார்கள். அவர்களுக்கு நான்கு கட்டளைகள் உண்டு: தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே. ஜப்பானிய பாஷையில் இந்த நான்கின் முதலெழுத்துக்களையும் சேர்த்தால் "ஒகாஷிமோ" என்று ஆகிறது. நம் பிள்ளைகள் வாய்பாடு ஒப்பிப்பதுபோல் அவர்கள் அதை ஒப்பிக்கிறார்கள். மைதானத்தில் வகுப்பு வகுப்பாகத் தலை எண்ணி, ஆசிரியர்கள் தலைமை ஆசிரியரிடம் கணக்கு ஒப்புவித்தார்கள். அவர் கடியாரத்தைப் பார்த்து, எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று சொன்னார். பாராட்டும் இல்லை, கைதட்டலும் இல்லை.

அதற்கப்பால் நடந்ததுதான் எனக்குப் புதுமை. பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் ஒத்திகை. குழந்தையை அழைத்துப் போக யார் யாருக்கு உரிமை உண்டு என்று ஒரு சீட்டில் முன்னமே எழுதி வாங்கியிருக்கிறார்கள். தாய்மார்களும் தகப்பன்மார்களும் வரிசையாக நின்று, பெயர் சொல்லி, சீட்டில் சரி பார்த்த பின்னரே தங்கள் குழந்தைகளைப் பெற்றுக்கொள்கிறார்கள். தினந்தோறும் முகம் பார்த்துப் பழகிய தாயாரையும் அந்த ஆசிரியை, "தங்கள் பெயர் என்ன?" என்று கேட்டது முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆபத்து வரும் நாளில் அந்த ஆசிரியையே இல்லாமற் போகலாம், வேறொருவர் அந்த இடத்தில் நிற்கலாம் என்று எண்ணிப் பார்த்ததும் வேடிக்கை மறைந்துவிட்டது.

வீடு திரும்பும் வழியில் சிநேகிதரின் மனைவி சொன்னதைக் கேளுங்கள்: "முதல் வருஷம் எனக்கு இது துளிக்கூடப் பிடிக்கவில்லை, அண்ணா. ஆபீசுக்கு அரை நாள் லீவு போட வேண்டும். அது போனால் போகட்டும். குழந்தை ராத்திரியெல்லாம் தூங்காமல், 'அம்மா, நம் வீடு விழுந்துவிடுமா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இவளை மட்டும் ஒத்திகையில் சேர்க்க வேண்டாம் என்று டீச்சரிடம் போய்க் கேட்டேன்."

ஆசிரியை கோபித்துக்கொள்ளவில்லையாம். "வீட்டிலே நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டாராம். இவர்கள் ஓர் ஏற்பாடும் செய்திருக்கவில்லை. அன்று மாலை தாயும் மகளும் சேர்ந்து ஒரு பையைத் தயார் செய்தார்கள். தண்ணீர், கைவிளக்கு, பிஸ்கோத்து, மாற்றுத் துணி எல்லாம் வைத்து, நம் ஊர் வழக்கத்தை விடாமல் ஒரு பொட்டலம் பருப்புப் பொடியும் சேர்த்து, வாசற் கதவண்டை மாட்டினார்கள். அன்றைக்கு ராத்திரி குழந்தை தூங்கிப்போனாள். குழந்தைகளை அச்சுறுத்துவது ஆபத்தைப் பற்றிய பேச்சு அல்ல. ஆபத்தைப் பற்றிப் பேசிவிட்டு, அதற்கு என்ன செய்வது என்று சொல்லாமல் விடுவதுதான்.

"ஆனால் ஒன்று, அண்ணா," என்றார் அந்த அம்மாள். "நிஜமாகவே ஏதாவது வந்தால் நான் இப்படி வரிசையிலே நின்றுகொண்டிருப்பேனா? ரயில் ஓடாவிட்டாலும் நடந்தாவது வந்து விழுந்துவிட மாட்டேனா?"

எந்தத் தாய்தான் வர மாட்டாள்? ஆனால் அப்படி வருவது நன்மையா, தீமையா? இந்தக் கேள்விக்கு ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரை உயிர்களை விலையாகக் கொடுத்து விடை கண்டிருக்கிறது.

ரம்பப் பல் கரை

டோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் ஷின்-ஹனமாகி வரையில் சென்று, அங்கிருந்து சிறிய ரயிலில் மலைகளைக் கடந்தால் காமாய்ஷி நகரம் வருகிறது. ஜப்பானில் நவீன முறையில் இரும்பு உருக்கும் தொழில் பிறந்த பிரதேசம் அது. அங்கே கடல் நேராக வந்து கரையைத் தொடுவதில்லை. ரம்பத்தின் பற்களைப் போல் நிலம் உள்ளும் புறமுமாக வெட்டுண்டு கிடக்கிறது. ஒவ்வொரு பல்லிடுக்கிலும் ஒரு நீல விரிகுடா. விரிகுடாவின் தலைமாட்டில் ஒரு சிற்றூர். ஊருக்குப் பின்னால் தேவதாரு மரங்கள் அடர்ந்த மலை. பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத காட்சி. ஆனால் அந்த அழகே அவர்களுக்குச் சத்துரு. திறந்த சமுத்திரத்தில் வரும் பேரலை, குறுகும் விரிகுடாவுக்குள் நெருக்கப்பட்டு வானளாவ எழும்புகிறது.

1896-இல் இந்தக் கரையில் ஏறிய கடல்கோள் சுமார் 22,000 பேரைக் கொன்றது. 1933-இல் மறுபடியும் வந்து ஏறக்குறைய 3,000 பேரைக் கொண்டு போயிற்று. பிள்ளையைத் தேடித் தாயும், தாயைத் தேடிப் பிள்ளையும், கிழவரைத் தூக்க மகனும் ஓடிக் குடும்பம் குடும்பமாக அழிந்துபோனார்கள். அந்த அனுபவத்திலிருந்து அந்தச் சீமையில் ஒரு சொல் வழங்கலாயிற்று: "தெந்தெங்கோ". தனித்தனியே என்று பொருள். அலை வரும்போது யாரும் யாரையும் தேடாதே, தனித்தனியே மேட்டுக்கு ஓடு என்பது அதன் கருத்து.

கேட்பதற்குக் கல்நெஞ்சன் வாக்குப்போல் தோன்றுகிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 2004-ஆம் ஆண்டு முதல் காமாய்ஷி நகரத்துப் பள்ளிகளுக்கு வந்து போதித்த பேராசிரியர் கதாதா தோஷிதாகா என்பவர் இந்தச் சொல்லின் உட்பொருளைக் குழந்தைகளுக்கு விளக்கினார். அபாய எல்லை என்று வரைபடத்தில் போட்டிருக்கும் கோட்டை நம்பாதே. அந்த நேரத்தில் உன்னால் முடிந்த மட்டும் செய். மற்றவர்களுக்காகக் காத்திராமல் நீ முதலில் ஓடு. இவை மூன்றும் அவருடைய சூத்திரங்கள். இவற்றோடு குழந்தைகளுக்கு ஒரு வீட்டுப் பாடமும் கொடுத்தார். "நான் கட்டாயம் ஓடிவிடுவேன். ஆகையால் நீங்களும் ஓடிவிடுங்கள், என்னைத் தேடிக்கொண்டு வராதீர்கள்" என்று தாய் தந்தையரிடம் சொல்ல வேண்டும். அவர்கள் மனப்பூர்வமாக நம்பும் வரையில் சொல்ல வேண்டும்.

பாருங்கள், விஷயம் எப்படித் திரும்புகிறது! தனித்தனியே ஓடுவது அன்பில்லாத காரியம் அல்ல. என் பிள்ளை ஓடியிருப்பான் என்று தாய் நம்ப வேண்டும். என் தாய் ஓடியிருப்பாள் என்று பிள்ளை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை ஒரு நாளில் வருவதில்லை. அதை உண்டாக்குவதற்குத்தான் ஒத்திகை.

உனோசுமாய்

காமாய்ஷியிலிருந்து கடலோர ரயிலில் இரண்டாவது நிலையம் உனோசுமாய். ரயிலடியிலிருந்து சிறிது தூரத்தில் ஒரு விளையாட்டு அரங்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு உலகக் கோப்பை ரக்பிப் பந்தயத்தில் பிஜித் தீவுக்காரர்களும் உருகுவே தேசத்தாரும் ஆடிய இடம். அந்த அரங்கம் நிற்கும் மண்ணில் முன்னே இரண்டு பள்ளிக்கூடங்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று தொடக்கப் பள்ளி, மற்றது நடுத்தரப் பள்ளி.

2011 மார்ச் 11-ஆம் தேதி பிற்பகல் 2 மணி 46 நிமிஷத்துக்குப் பூமி அதிர்ந்தது. மின்சாரம் அறுந்தது. ஒலிபெருக்கி பேசவில்லை. நடுத்தரப் பள்ளி மாணவர்கள் கட்டளைக்குக் காத்திராமல் ஓடத் தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளிச் சிறுவர்களை முதலில் மூன்றாம் மாடியில் சேர்த்திருந்தார்கள். அண்ணன்மாரும் அக்காமாரும் ஓடுவதைக் கண்டு அவர்களும் இறங்கிப் பின்தொடர்ந்தார்கள். ஒத்திகையில் குறித்து வைத்த இடம் முதியோர் விடுதி ஒன்று. அங்கே போய்ச் சேர்ந்தபோது, விடுதிக்குப் பின்னாலிருந்த மலைச் சரிவு இடிந்து விழுந்துகொண்டிருந்தது. "இங்கே நிற்கக் கூடாது" என்று இன்னும் மேலே சென்றார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் இடத்தை அடைந்ததும் திரும்பிப் பார்த்தால், அவர்களுடைய பள்ளிகளைக் கடல் விழுங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் மேலே ஓடினார்கள். சுமார் 600 பேர் பிழைத்தார்கள். நகரம் முழுவதிலும் ஏறக்குறைய 3,000 மாணவர்கள். அன்று பள்ளிக்கு வராமலோ முன்னதாகப் பள்ளியை விட்டுப் போயோ இருந்த 5 பேர் தவிர மற்ற அனைவரும் தப்பினார்கள்.

பத்திரிகைகள் இதைக் "காமாய்ஷியின் அற்புதம்" என்று எழுதின. ஊராருக்கு அந்தச் சொல் ரசிக்கவில்லை. நகரத்தில் 1,000 பேருக்கு மேல் இறந்துபோயிருக்கையில் அற்புதம் என்று எப்படிச் சொல்வது? அன்றியும், பழகிய காரியத்தைச் செய்தது எப்படி அற்புதமாகும்?

ரயிலடிக்கு அருகில் ஒரு பிரார்த்தனைப் பூங்கா இருக்கிறது. அங்கே முன்பு பேரிடர்த் தடுப்பு நிலையம் என்ற கட்டடம் நின்றது. பெயர் அப்படி இருந்தாலும், கடல்கோள் வரும்போது போக வேண்டிய இடம் அதுவல்ல. உண்மையான இடம் மேட்டில் இருந்தது. ஆனால் மேடு தூரம். வயதானவர்களுக்கு ஏறுவது கஷ்டம். ஒத்திகைக்குக் கூட்டம் சேராது. ஆகவே ஒத்திகையை மட்டும் சௌகரியமாக இந்த நிலையத்திலேயே நடத்தி வந்தார்கள். 2011 மார்ச் 3-ஆம் தேதிகூட அங்கேதான் நடந்தது. எட்டு நாள் கழித்து உண்மையான அலை வந்தது. ஜனங்கள் ஒத்திகையில் பழகிய இடத்துக்கே ஓடினார்கள். அந்தக் கட்டடத்துக்குள் 100-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

ஒரே ஊர், ஒரே அலை. மெய்யாகச் செய்த ஒத்திகை உயிர் கொடுத்தது. சௌகரியத்துக்காகச் செய்த ஒத்திகை உயிரை வாங்கியது. ஒத்திகையே நடத்தாத இடத்தில் மனிதன் தன் புத்தியையாவது உபயோகிப்பான். தவறான ஒத்திகை அந்தப் புத்தியையும் கட்டிப் போட்டுவிடுகிறது.

ஓகாவாவின் குன்று

தெற்கே மியாகி மாகாணத்தில், கிதாகாமி ஆற்றின் கரையில், ஓகாவா தொடக்கப் பள்ளியின் சிதைந்த கட்டடம் இருக்கிறது. கடலிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் உள்ளே. அலை எட்டும் எல்லைக்கு வெளியே என்று வரைபடத்தில் குறித்திருந்த இடம். பூகம்பம் நின்றதும் ஆசிரியர்கள் பிள்ளைகளை ஒழுங்காக மைதானத்தில் உட்கார வைத்துத் தலை எண்ணினார்கள். அதற்குமேல் எங்கே போவதென்று தீர்மானமாகவில்லை. அவசர காலக் குறிப்பேட்டில், "அருகிலுள்ள வெற்று மைதானம், பூங்கா முதலியவை" என்று பொதுப்படையாக எழுதியிருந்ததே தவிர, இன்ன இடம் என்று இல்லை. சுமார் 50 நிமிஷம் கடந்தது. சில பெற்றோர்கள் வந்து தங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்றார்கள். மற்றப் பிள்ளைகள் பாலத்துக்கு அருகிலிருந்த சிறு மேட்டை நோக்கிப் புறப்பட்ட சமயத்தில் ஆற்றின் வழியே அலை வந்துவிட்டது. பள்ளியிலே படித்த 108 பிள்ளைகளில் 74 பேரும், ஆசிரியர்களில் 10 பேரும் போய்விட்டார்கள்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது. பிள்ளைகள் காளான் வளர்க்கப் பாடவேளையில் ஏறிப் போய்ப் பழகிய குன்று. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர்கள் சிலர் இப்போது அங்கே வருகிறவர்களுக்கு வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்கள் நம்மை முதலில் அந்தக் குன்றின்மேல் அழைத்துக்கொண்டு போகிறார்கள். சில நிமிஷ நடைதான். மேலே நின்று கீழே பள்ளியைப் பார்க்கும்போது அவர்கள் ஒன்றும் பேசுவதில்லை. நாமும் பேச முடிவதில்லை.

அந்தப் பெற்றோர்கள் எல்லாரும் ஒரே மனத்தினர் அல்ல. கட்டடத்தைக் காணச் சகியாமல் இடித்துவிட வேண்டும் என்றவர்கள் உண்டு. வருங்காலத்தாருக்காகக் காப்பாற்ற வேண்டும் என்றவர்களும் உண்டு. 2016-இல் காப்பாற்றுவது என்று தீர்மானமாயிற்று. இறந்த 23 குழந்தைகளின் குடும்பத்தினர் 2014-இல் நீதிமன்றம் சென்றார்கள். "இறந்துபோன ஆசிரியர்கள்மேல் வழக்கா?" என்று ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள். 2018 ஏப்ரலில் செண்டாய் மேல் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தது. அன்றைய ஐம்பது நிமிஷத்தை மட்டும் பார்க்கக் கூடாது. அதற்கு முன்பே குறிப்பேட்டைச் சரிவரத் திருத்தாமலும், ஓடும் இடத்தைத் தீர்மானிக்காமலும் இருந்த பள்ளியும் கல்வி நிர்வாகமுமே பொறுப்பாளிகள் என்று நீதிபதிகள் கூறினார்கள். 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிள்ளைகளைக் காக்கும் கடமை ஆபத்து வரும் நாளில் தொடங்குவதில்லை, ஆபத்தில்லாத நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நம் வாசற்படியில்

இவையெல்லாம் தூர தேசத்துச் சங்கதிகள் என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம் காசிராமன் தெருவில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்தவர்கள் நாம். சத்துணவு சமைக்கும் இடத்து நெருப்பு ஓலைக் கூரையைப் பற்றியது; மாடியிலிருந்த குழந்தைகளுக்கு இறங்கி வரக் குறுகிய படிக்கட்டுத்தான். ஆண்டுதோறும் அந்த நாளில் அந்தப் பெற்றோர்கள் படங்களுக்கு மாலையிட்டு, பிள்ளைகளுக்குப் பிடித்த தின்பண்டங்களைப் படைத்து நிற்கிறார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி நாகப்பட்டினக் கரையில் கடல் ஏறியது. அன்று ஞாயிற்றுக்கிழமையாக இல்லாதிருந்தால் கரையோரப் பள்ளிகளில் என்ன நேர்ந்திருக்கும் என்று நினைக்கவும் நெஞ்சு துணியவில்லை.

கும்பகோணத்துக்குப் பின் சட்டங்கள் வந்தன. 2009-இல் நமது உச்ச நீதிமன்றமே எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புச் சாதனங்களும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் வேண்டும் என்று கட்டளையிட்டது. ஒத்திகைகளும் நடக்கின்றன. நான் கண்ட ஒரு பள்ளியில் ஒத்திகை அமர்க்களமாக நடந்தது. விருந்தினர் வந்தார்; மணி அடித்தது; பிள்ளைகள் முன்வாசல் வழியாக வரிசையாக வந்தார்கள்; புகைப்படம் எடுத்தார்கள். பின்வாசல் மட்டும் பூட்டியே இருந்தது. சாவி காவற்காரரிடம், காவற்காரர் தேநீர்க் கடையில்!

நம் பெற்றோர்களிடமும் மூன்று விதமான ஆட்சேபங்களைக் கேட்டிருக்கிறேன். "பாடம் கெடுகிறது" என்பது ஒன்று. "குழந்தையை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?" என்பது மற்றொன்று. "நல்ல நாளும் அதுவுமாக நெருப்பு, வெள்ளம் என்று வாயால் சொல்லலாமா?" என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் நிஷிகசாயில் விடை கிடைத்தது: ஒத்திகை சில நிமிஷங்களில் முடிந்தது, கதவண்டை மாட்டிய பையைக் கண்டதும் குழந்தையின் பயம் போயிற்று. மூன்றாவதற்கு நம் பாட்டிமார்களே விடை சொல்லியிருக்கிறார்கள். வெள்ளம் வருமுன் அணை போடு என்று சொன்னவர்கள், வெள்ளம் என்ற வார்த்தையை உச்சரிக்க அஞ்சவில்லையே!

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஆபத்து வந்தால் என் குழந்தை எந்த வழியாக வெளியே வருவான்? அந்த வழியின் கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது? வெளியே வந்து எங்கே நிற்பான். அந்த இடம் மெய்யாகவே பத்திரமானதா, அல்லது பக்கத்தில் இருப்பதால் குறித்து வைத்த இடமா? அவனை யாரிடம் ஒப்படைப்பீர்கள்? விடை சொல்லும் ஆசிரியரோடு கூடவே நடந்து போய் அந்த வழியைப் பாருங்கள். ஆசிரியர்கள் இதைத் தொந்தரவாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பாதகமில்லை.

பிறகு வீட்டுக்கு வந்து உங்கள் குழந்தையைக் கேளுங்கள். "நான் இந்த வழியாகப் போய் இந்த இடத்தில் நிற்பேன், அம்மா" என்று அவன் தயங்காமல் சொன்னால், அந்த வார்த்தையை நம்பும் தைரியம் உங்களுக்கு வரும். ஆபத்து நாளில் பள்ளியை நோக்கித் தலைதெறிக்க ஓடி வருவது தாயன்புதான். ஆனால், பிள்ளை பத்திரமாக இருப்பான் என்று நம்பித் தானும் மேட்டில் ஏறி நிற்பதற்கு அதைவிடப் பெரிய அன்பு வேண்டியிருக்கிறது.